அளவில்லாச் சாப்பாடும் சிவப்பு உறையும்: தபாலில் டிவிடி வாடகை எப்படி நடந்தது?

நெட்ஃபிளிக்ஸ் ஒரு காலத்தில் அமெரிக்காவில் தபால் மூலம் டிவிடி வாடகைக்கு விட்டது என்று சொன்னால் இளையவர்கள் நம்ப மறுக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்களோ மூன்றே வாக்கியத்தில் கதையை முடித்துவிடுகிறார்கள்: வீடியோ கடையைத் தபாலில் கொண்டுவந்தார்கள், தாமதக் கட்டணத்தை ஒழித்தார்கள், மாதச் சந்தா கட்டினால் எத்தனை படம் வேண்டுமானாலும் என்று சொல்லிவிட்டுப் பிறகு ஏமாற்றினார்கள்.

மூன்றிலும் பாதிதான் சரி. 1998 முதல் 2023 வரை இருபத்தைந்து ஆண்டுகளில் 520 கோடிக்கும் மேற்பட்ட டிவிடிகளை அனுப்பிய ஒரு ஏற்பாடு இது. அதில் வாடிக்கையாளர்களுக்குக் கிடைத்த சுகமும் எரிச்சலும் ஒரே கணக்கிலிருந்துதான் வந்தன. கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பெருக்கல் தெரிந்தால் போதும்.

தண்ணீர் கேன் தெரிந்தால் பாதி புரிந்த மாதிரி

சென்னையில் குடியிருப்பவர்களுக்கு இருபது லிட்டர் தண்ணீர் கேனைப் பற்றிச் சொல்லித்தரத் தேவையில்லை. உங்கள் கணக்கில் இரண்டு கேன்கள் இருக்கும். ஒன்று தீர்ந்தால் கடைக்குப் போன் செய்வீர்கள். காலி கேனை எடுத்துக்கொண்டு நிறைந்த கேனை வைத்துவிட்டுப் போவார்கள். காலி கேனைக் கொடுக்காமல் மூன்றாவது கேன் கேட்டால் கிடைக்காது. அதே சமயம், ஒரு கேனை நீங்கள் எத்தனை நாள் வைத்துக் குடித்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

தபால் டிவிடியும் இப்படித்தான். நெட்ஃபிளிக்ஸின் பரவலான திட்டத்தில் ஒருவரிடம் ஒரே நேரத்தில் மூன்று டிவிடிகள் இருக்கலாம். இந்த மூன்றில் ஒவ்வொன்றையும் ‘இடம்’ என்று அழைப்போம்: உங்கள் பெயரில் ஒரு டிவிடி வெளியே இருப்பதற்கான அனுமதி. பார்க்க விரும்பும் படங்களை நிறுவனத்தின் இணையதளத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி வைப்பீர்கள். அந்தப் பட்டியலுக்குப் பெயர் ‘வரிசை’. ஒரு டிவிடியைத் திருப்பி அனுப்பினால் ஓர் இடம் காலியாகும். உடனே வரிசையின் உச்சியில் இருக்கும் படம் கிளம்பும்.

வீடியோ கடையிலிருந்து இது வேறுபடுவது இங்கேதான். கடையில் படத்துக்குக் காசு கொடுத்தீர்கள். இங்கே இடத்துக்குக் கொடுத்தீர்கள். கடையில் இன்று இரவு பார்க்கும் படத்தை இன்று மாலை எடுத்தீர்கள்; இங்கே மூன்று நாள் கழித்து நீங்கள் எந்த மனநிலையில் இருப்பீர்கள் என்று ஊகித்து எடுத்தீர்கள். ஊகம் தவறுவது சாதாரணம். ஞாயிற்றுக்கிழமை நிம்மதியில் வரிசையின் உச்சிக்கு ஏற்றிய மூன்று மணி நேரக் கறுப்பு வெள்ளைப் படம், புதன்கிழமை வேலை முடிந்து அலுத்து வந்த இரவில் வாசற்பெட்டியில் காத்திருக்கும். அன்று அதைப் பார்க்க மனம் வராது. திருப்பி அனுப்பவும் மனம் வராது, ஏனென்றால் அதைப் பார்த்தே ஆகவேண்டும் என்று நினைத்தவரும் நீங்கள்தான். அது தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிடும். அமெரிக்க வீடுகளில் மாதக்கணக்கில் அப்படி உட்கார்ந்திருந்த சிவப்பு உறைகள் ஏராளம்.

இன்னொரு சொல்லையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். திங்கள்கிழமை ஒரு டிவிடியைத் தபாலில் போடுகிறீர்கள். செவ்வாய் அது கிடங்கை அடைகிறது. அன்றே அடுத்த படம் கிளம்புகிறது. புதன் உங்கள் கைக்கு வருகிறது. இரவே பார்த்துவிட்டு வியாழன் காலை மீண்டும் தபாலில் போடுகிறீர்கள். ஓர் இடம் காலியாகி, நிரம்பி, மீண்டும் காலியாக ஆகும் இந்த நேரத்துக்குச் ‘சுழற்சிக் காலம்’ என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். மேலே சொன்னது மூன்று நாள் சுழற்சி. எல்லாம் கூடிவந்தால் நடப்பது. ஞாயிற்றுக்கிழமை கடிதம் பட்டுவாடா கிடையாது, கிடங்கு தொலைவில் இருக்கலாம், நீங்களும் ஒரு நாள் சோம்பலாக இருக்கலாம். சராசரியாக ஐந்து நாள் என்று எடுத்துக்கொண்டால் மாதத்துக்கு ஆறு சுற்று. மூன்று இடம், ஆறு சுற்று: 18 படம்.

ஆக, நீங்கள் வாங்கியது இடம். எத்தனை படம் பார்ப்பீர்கள் என்பதை முடிவு செய்தது சுழற்சிக் காலம். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

தாமதக் கட்டணம் எங்கே போயிற்று?

ரீட் ஹேஸ்டிங்ஸ், மார்க் ராண்டால்ஃப் என்ற இருவர் 1997-ல் கலிஃபோர்னியாவின் ஸ்காட்ஸ் வேலியில் தொடங்கிய நிறுவனம் இது. ஹேஸ்டிங்ஸுக்கு ஒரு வீடியோ கடையில் 40 டாலர் தாமதக் கட்டணம் விழுந்ததாகவும், அந்தக் கோபத்தில் நெட்ஃபிளிக்ஸ் பிறந்ததாகவும் ஒரு கதை உலவுகிறது. கதை நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியெல்லாம் நடக்கவில்லை என்று ராண்டால்ஃபே பின்னாளில் சொல்லிவிட்டார். 1998 ஏப்ரலில் சுமார் 925 படங்களோடு இணையதளம் திறந்தபோது, அவர்களும் சாதாரண வீடியோ கடைபோலத்தான் நடத்தினார்கள்: ஒரு படத்துக்கு இவ்வளவு, இத்தனை நாளுக்குள் திருப்ப வேண்டும், தாமதித்தால் கட்டணம். மாதச் சந்தா வந்தது 1999 செப்டம்பரில். கெடு தேதியும் தாமதக் கட்டணமும் போய், ‘அளவில்லை’ என்ற சொல் வந்தது 2000 வாக்கில்.

வீடியோ கடை ஏன் தாமதக் கட்டணம் வாங்கியது? பேராசையால் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. படம் உங்கள் வீட்டில் தூங்கினால் அடுத்த ஆள் வெறுங்கையோடு திரும்புவார். கடைக்கு அன்றைய வாடகை போயிற்று. அந்த நஷ்டத்தை உங்கள் தலையில் கட்டினார்கள். பிறகு அதுவே ருசித்துவிட்டது: பெரும் கடைத்தொடரான பிளாக்பஸ்டர் 2000-ஆம் ஆண்டில் தாமதக் கட்டணமாக மட்டும் சுமார் 80 கோடி டாலர் ஈட்டியது.

இப்போது இடக் கணக்குக்கு வருவோம். மூன்று டிவிடிகளையும் நீங்கள் பார்க்காமல் வைத்திருக்கிறீர்கள். நான்காவது வராது. ஆனால் மாதச் சந்தா வங்கிக் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். 2004 இறுதியில் மூன்று இடத்துக்கான சந்தா மாதம் 17.99 டாலர். மூன்று மாதம் அப்படியே கிடந்தால் ஏறக்குறைய 54 டாலர். புது டிவிடியே 20 டாலர் அளவில் விற்ற காலம் அது. எந்த வீடியோ கடையும் இவ்வளவு பெரிய தாமதக் கட்டணத்தை முகத்துக்கு நேரே கேட்டிருக்காது. கேட்டிருந்தால் சண்டை வந்திருக்கும். இங்கே சண்டை வரவில்லை. கட்டியவருக்கே கொஞ்சம் குற்ற உணர்ச்சி வந்தது, அவ்வளவுதான்.

தாமதத்தின் செலவு ஒழியவில்லை, கடையின் ரசீதிலிருந்து உங்கள் சந்தாவுக்கு இடம் மாறியது. இதை மோசடி என்று நான் சொல்லமாட்டேன். கெடு நாளை நினைத்து ஓடவேண்டிய பதற்றம் இல்லை என்பதற்காகவே பலர் மகிழ்ச்சியோடு கட்டினார்கள். ஆனால் ‘ஒழித்தார்கள்’ என்ற சொல் தவறு.

அந்தச் செலவை வெறும் அறிவிப்பால் ஒழிக்க முடியாது என்பதை 2005-ல் பிளாக்பஸ்டர் நிரூபித்தது. ‘இனி தாமதக் கட்டணம் இல்லை’ என்று பெரிய விளம்பரம் செய்தார்கள். கெடு தாண்டி எட்டு நாள் ஆனால் படத்தை நீங்கள் வாங்கிவிட்டதாகக் கணக்கு வைத்து முழு விலையையும் அட்டையில் பற்று எழுதினார்கள்; திருப்பிக் கொடுத்தால் ‘மீண்டும் அடுக்கும் கட்டணம்’ என்று ஒரு சிறு தொகை. 47 மாநிலங்கள் கேள்வி கேட்டன. நிறுவனம் சமரசம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று.

ஒரு கடிதத்தின் எடை

வீடியோ கேசட் காலத்தில் இந்த வியாபாரம் ஏன் நடக்கவில்லை? கேசட் கனம்; தபால் செலவு வாடகையைத் தின்றுவிடும். டிவிடி அமெரிக்கச் சந்தைக்கு வந்தது 1997-ல். 12 சென்டிமீட்டர் விட்டம், 1.2 மில்லிமீட்டர் தடிமன், பதினாறு கிராம் அளவில் எடை. உறையோடு சேர்த்தாலும் ஓர் அவுன்ஸுக்குள், அதாவது சுமார் 28 கிராமுக்குள் அடங்கியது. அமெரிக்கத் தபாலில் சாதாரணக் கடிதத்துக்கான முதல் படிக்கட்டணம் அந்த ஓர் அவுன்ஸ்தான். ஊரிலுள்ள சித்திக்குப் போடும் கடிதத்தின் செலவில் ஒரு படம் நாடு முழுவதும் போகும்.

போனால் மட்டும் போதாது, உடையாமல் போகவேண்டும். தொடங்குவதற்கு முன் நிறுவனர்கள் இருவரும் ஒரு இசைக் குறுந்தட்டை (சிடி) வெறும் உறையில் போட்டுத் தங்கள் ஊரிலேயே தபாலில் அனுப்பிப் பார்த்தார்கள். முழுதாக வந்து சேர்ந்தது. வியாபாரத்துக்கு அதுவே அத்தாட்சி. பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் அந்த அத்தாட்சியின் பலவீனம் வாடிக்கையாளர்களுக்குத் தெரிந்தது: ஊருக்குள் போட்ட கடிதம் பெரிய தபால் யந்திரங்களின் உருளைகளுக்கு நடுவே அவ்வளவாகப் புகுந்து வராது.

சிவப்பு உறையைக் கொஞ்சம் அருகில் பார்ப்போம். வரும்போதும் போகும்போதும் ஒரே உறை. மேல் மடிப்பைக் கிழித்தால் உங்கள் முகவரி உள்ள பகுதி கழன்றுவிடும். உள்ளே கிடங்கின் முகவரி, கட்டணம் செலுத்திய முத்திரையோடு. அதற்குள் ஒரு மெல்லிய வெள்ளை உறை. அதில் படத்தின் பெயரும் கதைச் சுருக்கமும் பட்டைக் குறியீடும். பார்த்து முடித்ததும் மடித்து ஒட்டித் தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டால் முடிந்தது. தபால் தலை ஒட்ட வேண்டாம், வரிசையில் நிற்க வேண்டாம். இந்த ஓர் உறையை உருவாக்க அவர்கள் எத்தனையோ வடிவங்களை மாற்றிப் பார்த்தார்கள். என் கணக்கில் இந்த வியாபாரத்தின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு கணினியில் இல்லை, இந்தக் காகிதத்தில்தான்.

ஆனால் காகிதத்துக்கும் சிக்கல் வந்தது. திரும்பிவரும் உறையின் தளர்ந்த ஓரம் பிரிப்பு யந்திரத்தில் சிக்கியது. 2007-ல் அமெரிக்கத் தபால் துறையின் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, திரும்பும் உறைகளில் சுமார் 70 சதவீதத்தைக் கையால் பிரிக்க வேண்டியிருக்கிறது என்றும், அதனால் ஆண்டுக்கு 2 கோடியே 10 லட்சம் டாலர் செலவாகிறது என்றும் சொன்னது. கையால் பிரித்ததில் டிவிடிகள் யந்திர உருளைகளிலிருந்து தப்பின, நெட்ஃபிளிக்ஸுக்கு நல்லதாயிற்று. தபாலில் வீடியோ விளையாட்டுகளை வாடகைக்கு விட்ட கேம்ஃபிளை நிறுவனத்துக்கு அந்தக் கவனிப்பு கிடைக்கவில்லை. தட்டுகள் உடைந்தன, அது 2009-ல் முறையிட்டது. 2013-ல் நீதிமன்றம் கேம்ஃபிளை பக்கம் பேசியது.

வாடிக்கையாளர் வீட்டில் இது எப்படித் தெரிந்தது? படம் பாதி ஓடும். முகங்கள் சதுரம் சதுரமாகச் சிதறும். பிறகு உறைந்து நிற்கும். தட்டை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நடுத்துளையின் ஓரத்திலிருந்து தலைமுடி அளவுக்கு ஒரு கீறல். இணையதளத்தில் புகார் தெரிவித்தால் மாற்றுத் தட்டு இலவசமாக வரும். ஆனால் அதுவும் தபாலில்தான் வரவேண்டும். கொலைகாரன் யார் என்று தெரிந்துகொள்ள மூன்று நாள்.

அளவில்லாச் சாப்பாடு

மூன்றாவது வாக்கியத்துக்கு வருகிறேன். அதிகம் திட்டு வாங்கியதும் இதுதான்.

நம் ஊர் உணவகங்களில் ‘அளவுச் சாப்பாடு’ என்றும் ‘அளவில்லாச் சாப்பாடு’ என்றும் இரண்டு பலகைகள் பார்த்திருப்பீர்கள். அளவில்லாச் சாப்பாட்டுக்கு ஒரே விலை. பெரும்பாலானவர்கள் இரண்டாவது முறை சோறு வாங்குவதோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர்களை நம்பித்தான் அந்த விலை. எப்போதாவது ஒருவர் ஐந்தாவது முறை சாம்பார் கேட்பார். பரிமாறுகிறவர் இல்லை என்று சொல்லமாட்டார். பலகை வெளியே தொங்குகிறதே. ஆனால் அந்தப் பக்கம் வருவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வார். வாளியோடு அடுத்த பந்திக்குப் போய்விட்டு மெதுவாகத் திரும்புவார். சாப்பிடுகிறவருக்குப் பொறுமை போய்விடும், மோருக்கு மாறிவிடுவார்.

இப்போது கணக்கு. அன்றைக்கு ஓர் அவுன்ஸ் கடிதத்துக்கு 37 சென்ட். போக வர 74 சென்ட். முழுக் கட்டணத்தையே கட்டியதாக வைத்துக்கொண்டால், மாதம் நான்கு படம் பார்ப்பவருக்கு நிறுவனத்தின் தபால் செலவு 2.96 டாலர். 18 படம் பார்ப்பவருக்கு 13.32 டாலர். சந்தாவான 17.99-ல் இவரிடமிருந்து மிஞ்சுவது 4.67 டாலர், அதில்தான் டிவிடி வாங்க வேண்டும், பிரிப்பவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், விளம்பரம் செய்ய வேண்டும். தொலைக்காட்சி மேல் உறையை மறந்துவிடுகிறவர் தங்கமான வாடிக்கையாளர். சினிமாவை உயிராக நேசிப்பவர் நஷ்டம். சினிமாவை விற்கும் ஒரு வியாபாரத்தில் இது வேடிக்கையான நிலைமைதான்.

என்ன செய்வது? இடத்தைக் குறைக்க முடியாது. அதற்குத்தான் காசு வாங்கியிருக்கிறார்கள். மிச்சம் இருப்பது சுழற்சிக் காலம். திரும்பிய டிவிடியை ஒரு நாள் தாமதமாகக் கணக்கில் எடுக்கலாம். அடுத்த படத்தை மறுநாள் அனுப்பலாம். பக்கத்துக் கிடங்கில் பிரதி ஒன்றுதான் இருந்தால் அதைக் குறைவாகப் பார்ப்பவருக்குக் கொடுத்துவிட்டு, நிறையப் பார்ப்பவருக்கு நாட்டின் மறுகோடியிலிருந்து அனுப்பலாம். ஐந்து நாள் சுழற்சி ஏழரை நாளானால் ஆறு சுற்று நான்காகும், 18 படம் 12 ஆகும். யாரும் எதையும் மறுக்கவில்லை.

வாடிக்கையாளர்கள் இதற்கு வைத்த பெயர் ‘த்ராட்லிங்’. தொண்டை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது; எஞ்சினுக்குப் போகும் காற்றையும் எரிபொருளையும் குறைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்கும் இதே சொல்தான். கழுத்தை நெரிக்கிறார்கள் என்ற ஆத்திரமும், வேகத்தைக் குறைக்கிறார்கள் என்ற விவரமும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன.

அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? தேதி எழுதி வைத்தார்கள். போட்ட நாள், கிடங்கு பெற்றதாக மின்னஞ்சல் வந்த நாள், அடுத்தது கிளம்பிய நாள், கையில் கிடைத்த நாள். சேர்ந்த புதிதில் பறந்து வந்த படங்கள், சில மாதம் வேகமாகப் பார்த்துத் தள்ளியபின் நிதானித்தன. அதே வீட்டில் வேறொருவர் பெயரில் புதுச் சந்தா எடுத்தால் மறுபடி பறந்து வந்தன. பரிமாறுகிறவரின் நடையை இலைக்காரர்கள் கவனித்துவிட்டார்கள்.

2004 செப்டம்பரில் ஒரு சந்தாதாரர் சான்ஃபிரான்சிஸ்கோவில் வழக்குத் தொடுத்தார்: அளவில்லை என்றும், ஒரு நாளில் கிடைக்கும் என்றும் விளம்பரம் செய்துவிட்டு இப்படி நடத்துவது சரியா? 2005 ஜனவரியில் நிறுவனம் தன் நிபந்தனைகளைத் திருத்தி எழுதியது. அனுப்புவதிலும் இருப்பைப் பங்கிடுவதிலும், குறைவான டிவிடி பெறும் உறுப்பினர்களுக்கே முன்னுரிமை என்று அதில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமலே வழக்கைச் சமரசமாக முடித்தது. சமரசத்தில் கிடைத்தது என்ன தெரியுமா? பழைய சந்தாதாரர்களுக்கு ஒரு மாதம் இலவசம். இருக்கும் சந்தாதாரர்களுக்கு ஒரு மாதத்துக்கு ஓர் இடம் கூடுதல். மூன்று இடக்காரருக்கு நான்கு இடம். சாம்பார் மெதுவாக வருகிறது என்று முறையிட்டவருக்கு இலையைப் பெரிதாக்கிக் கொடுத்தார்கள். அந்த இலவச மாதம் முடிந்ததும் தானாகவே கட்டணம் பிடிக்கும் ஏற்பாடு வேறு இருந்தது; ஆட்சேபம் எழுந்து அதைத் திருத்தினார்கள். சமரசத்தை எதிர்த்துப் போன மேல்முறையீடும் 2008-ல் தள்ளுபடியானது.

ஏமாற்றினார்களா? பதிலை இரண்டாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். அளவில்லாத எதற்கும் எங்கோ ஓர் அளவு இருந்தே தீரும். இங்கே தபால் நாள்களே இயல்பான அளவு. அந்த அளவை நிறுவனம் ஆளுக்கு ஆள் ரகசியமாக மாற்றியதுதான் குறை. 2005-க்குப் பிறகு அது ரகசியம் இல்லை, ஆனால் நிபந்தனைகளை யார் படித்தார்கள்?

சுருக்கமாக: இடம் எல்லோருக்கும் சமம், சுழற்சிக் காலம் சமம் இல்லை. நிறையப் பார்ப்பவரின் செலவைக் குறைவாகப் பார்ப்பவர் தாங்கினார். அவர் எண்ணிக்கை குறையாதவரை வியாபாரம் ஓடியது.

முகூர்த்த நாளில் பாத்திரம் கிடைக்குமா?

தண்ணீர் கேனோடு ஒப்பிட்டேன், ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. எந்தக் கேனில் இருந்தாலும் தண்ணீர் தண்ணீர்தான். படங்கள் அப்படி இல்லை. புதுப்படம் டிவிடியில் வந்த வாரம் எல்லோருக்கும் அதுவே வேண்டும்.

கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவரைக் கேட்டுப் பாருங்கள். தை மாத முகூர்த்த நாளில் ஊரில் இருபது கல்யாணம். அன்றைக்கு எல்லோருக்கும் அண்டா கொடுக்க இருபது மடங்கு அண்டா வாங்கிப் போட்டால், மார்கழி முழுக்க அவை துருப்பிடிக்கும். டிவிடிக்கும் அதே கதிதான். முதல் வாரத் தேவைக்கு ஏற்ப வாங்கினால் மூன்றாவது மாதத்தில் குப்பை. அதனால் குறைவாக வாங்கினார்கள். வரிசையில் அந்தப் படத்தின் பக்கத்தில் ‘சிறிது காத்திருப்பு’, ‘நீண்ட காத்திருப்பு’, ‘மிக நீண்ட காத்திருப்பு’ என்று ஒரு குறிப்பு தொங்கும். அதுவரை வரிசையில் அடுத்திருக்கும் படம் வரும். இது போதாதென்று, 2010-ல் வார்னர் பிரதர்ஸோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி, அவர்களின் புதுப்படங்கள் கடையில் விற்பனைக்கு வந்து 28 நாள் கழித்துத்தான் வாடகைக்கு வந்தன. சில நாள்கள் விற்பனை மட்டும் நடக்கட்டும் என்பது தயாரிப்பாளர் விருப்பம். நெட்ஃபிளிக்ஸுக்கோ டிவிடிகள் மலிவாகக் கிடைத்தன.

முகூர்த்த நெரிசலைக் குறைக்க இன்னொரு வழி, கூட்டத்தை வேறு நாளுக்குத் திருப்புவது. ‘உங்களுக்கு இந்தப் பழைய படம் பிடிக்கும்’ என்று ஒருவரை நம்பவைத்தால், கிடங்கில் சும்மா கிடக்கும் தட்டு கிளம்பும். புதுப்படத்துக்கான கூட்டமும் குறையும். சந்தாதாரர்கள் படங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுத்தது இதற்காகத்தான். அந்த ஊகத்தைப் பத்து சதவீதம் மேம்படுத்துகிறவர்களுக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று 2006-ல் போட்டி அறிவித்து, 2009-ல் பரிசையும் கொடுத்தார்கள். இந்தப் பரிந்துரை முறையைக் கணினி அறிவியலின் சாதனையாக மட்டுமே பேசுகிறார்கள். அதன் ஓரமாக அண்டா பிரச்சினையும் இருந்ததை மறந்துவிடுகிறார்கள்.

எல்லாப் படமும் கிடைத்தது எதனால்?

அந்தச் சேவையை இழந்தவர்கள் இன்றும் ஏங்குவது வேகத்துக்காக அல்ல, வகைக்காக. யாரும் கேள்விப்படாத பழைய படமும் அங்கே இருந்தது. இன்றைய இணைய ஒளிபரப்பில் அவ்வளவு இல்லை. அதே நிறுவனம்தானே, ஏன்?

பழைய புத்தகக் கடையை நினைத்துப் பாருங்கள். காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தை மறுபடி விற்க எழுத்தாளரிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. முறையாகத் தயாரித்து விற்ற ஒரு பிரதியை வாங்கியவர், அந்தப் பிரதியை விற்கலாம், இரவல் கொடுக்கலாம் என்பதற்கு அமெரிக்கச் சட்டத்தில் ‘முதல் விற்பனைக் கோட்பாடு’ என்று பெயர். அங்கே படங்களின் பிரதியை வாடகைக்கு விடவும் அது இடம் கொடுக்கிறது. இசைத்தட்டுக்கும் கணினி மென்பொருளுக்கும் மட்டும் தனியே தடை உண்டு. ஆக, தயாரிப்பாளர் ஒத்துழைக்காவிட்டாலும் கடைக்குப் போய் டிவிடியை வாங்கி உறையில் போட்டு அனுப்பலாம். இந்தியச் சட்டம் வேறு மாதிரி. திரைப்படப் பிரதியை வாடகைக்கு விடும் உரிமையையும் படத்தின் உரிமையாளருக்கே அது கொடுத்திருக்கிறது. நம் ஊர் கேசட் கடைக்காரர்கள் எத்தனை பேருக்கு இது தெரிந்திருந்தது என்பது வேறு கதை.

இணையத்தில் ஓடவிடும்போது பிரதி கைமாறுவதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் உரிமையாளரோடு, காலக்கெடுவோடு, ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தம் முடிந்தால் படம் மறைந்துவிடும். கிடங்கு அலமாரியில் உள்ள தட்டு அப்படி மறையாது.

கடைசி உறை

2007-ல் இணைய ஒளிபரப்பு தொடங்கியது. 2011 ஜூலையில் இரண்டு சேவைகளுக்கும் தனித்தனிக் கட்டணம் என்றார்கள், 9.99 டாலர் கட்டியவர் இரண்டும் வேண்டுமானால் 15.98 டாலர் கட்டவேண்டும். செப்டம்பரில், டிவிடியைப் பிரித்து ‘குவிக்ஸ்டர்’ என்ற பெயரில் தனி நிறுவனமாக்கப் போவதாக அறிவித்தார்கள். இரண்டு இணையதளம், இரண்டு கடவுச்சொல், இரண்டு வரிசை. வாடிக்கையாளர்கள் கொதித்ததில் மூன்று வாரத்தில் அந்தப் பெயர் கைவிடப்பட்டது. ஜூலை முதல் செப்டம்பர் வரையான காலாண்டில் மட்டும் அமெரிக்காவில் சந்தாதாரர் எண்ணிக்கை எட்டு லட்சம் குறைந்தது.

அதன்பின் டிவிடி பக்கம் மெதுவாகக் கரைந்தது. உச்சத்தில் ஐம்பதுக்கும் மேல் இருந்த கிடங்குகள், வெளியே பெயர்ப்பலகைகூட வைக்காத கட்டடங்கள், ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கிடங்கு குறைந்தால் தொலைவு கூடும்; தொலைவு கூடினால் சுழற்சிக் காலம் கூடும். இம்முறை நிறையப் பார்ப்பவர், குறைவாகப் பார்ப்பவர் என்ற பேதம் இல்லாமல் எல்லோருக்கும் மெதுவாக வந்தது.

2023 செப்டம்பர் 29 அன்று கடைசி உறைகள் கிளம்பின. விரும்பியவர்களுக்கு, வரிசையிலிருந்து பத்து டிவிடிகள் வரை கூடுதலாக வரக்கூடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். எப்போதும் இல்லாத வழக்கமாக, கையில் இருப்பவற்றைத் திருப்ப வேண்டியதில்லை என்றும் சொன்னார்கள். அதோடு சந்தா பிடிப்பதும் நின்றது. தொலைக்காட்சி மேல் தூங்கும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை எத்தனை மாதம் வைத்திருந்தாலும், இனி உண்மையிலேயே தாமதக் கட்டணம் இல்லை.